நிரப்பி வைத்த தொட்டி

1

கண்டிக்கு வந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. எனக்கு அது ஞாபகமே இல்லை. ஞாபகப்படுத்தியவர் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பகுதிக் கிராம சேவகர். கிராம சேவகர் என்றால் நம்மூர் வி.ஏ.ஓ. மாதிரி. வருடா வருடம் வீசா நீட்டிப்புக்கு முன்னால், நான் இன்ன வீட்டில்தான் குடியிருக்கிறேன் என்று அவரிடம் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். படிவம் சிங்களத்தில் இருக்கும். போன இரண்டு வருடமும் என்னோடு வேலை செய்யும் சரோஜா அக்கா கூட வந்து நிரப்பித் தந்தார். இந்த வருடம் தனியாகப் போனேன். ஏன் தனியாகப் போனேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிராம சேவகர் என் படிவத்தில் ஓர் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பா பிறந்தது வத்தேகமையா?"

"ஆமா சார். ஆறு வயசுல இந்தியாவுக்குக் கப்பல்ல அனுப்பிட்டாங்க."

"அப்ப நீங்க எதுக்கு வீசா எடுக்கிறது?"

சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், சிரித்தது தப்போ, திமிர் என்று நினைத்திருப்பாரோ, சான்றிதழைக் கிடப்பில் போட்டுவிடுவாரோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன். என் புத்தி அப்படிப்பட்டது. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் நான்.

நான் பிறந்து வளர்ந்த கோத்தகிரியில் எங்களைச் சிலோன்காரங்க என்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயரைவிட அதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். இங்கே நான் இந்தியா தங்கச்சி. மலையகத்தில் பேசும் தமிழும் நான் பேசுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் தெரியாது. பிறகு கதிரையை நாற்காலி என்பேன், பாணை பிரெட் என்பேன். "நீங்க இந்தியாவா?" என்று உடனே கேட்பார்கள்.

என் கணவர் சிவகுமார் நாவலப்பிட்டிக்காரர், எங்களுக்குத் தூரத்து உறவு. கைக்குழந்தையோடு எங்களை இங்கே கூட்டி வந்தவர், ஒரு வருடத்தில் தோஹாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய நாட்டில் அவர் இல்லாமல் நானும் எங்கள் மகள் கயலும் இருக்கிறோம். கயலுக்கு நாலரை வயது.

2

என் வேலையைப் பற்றி அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி ஓடுதா? தண்ணி பட்டா கெட்டுப்போயிடும்னு நீதானே சொல்லுவே?" என்றார்.

வத்தேகமை போகும் வழியில் ஒரு மலைச்சரிவில் எங்கள் கட்டடம் இருக்கிறது. உள்ளே ஆளுயர அலுமாரிகளைப் போல எட்டு ரேக்குகள். வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இரவு பகலாகக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர்கள். அவை காற்றாடியால் ஆற்ற முடியாத அளவுக்குச் சூடாகும். அதனால் மெல்லிய குழாய்களில் கூலன்ட் என்ற இளஞ்சிவப்புத் திரவத்தை ஒவ்வொரு கம்ப்யூட்டரின் மூளைக்கும் பக்கத்தில் ஓட விடுகிறோம். சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, ஆறி, மறுபடி போகும். மூடிய சுற்று. ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது.

போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கோயம்புத்தூரில் பம்புசெட் சோதனைக்கூடத்தில் மூன்று வருடம் இருந்தவள் என்பதால் என்னை எடுத்தார்கள். காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை நான். இரண்டிலிருந்து பத்து வரை சரோஜா அக்கா. இரவு சமிந்த என்ற சிங்களப் பையன். எங்கள் மூவருக்கும் மேலே யாழ்ப்பாணத்துப் பொறியாளர் புவனேந்திரன். சார் என்பதை இங்கே சேர் என்பார்கள்.

தரையில் ரேக்குகளுக்கு அடியில் ஒரு கயிறு போல சென்சர் ஓடுகிறது. ஈரம் பட்டால் அலாரம் அடிக்கும். ஆனால் கண்டியில் ஈரம் எங்கேதான் இல்லை? மழைக்காலத்தில் குளிர்ந்த குழாயின் மேல் பனி கோத்துச் சொட்டும். அதற்கும் அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மழையில் நான் பதறிப்போய் ஒரு ரேக்கையே நிறுத்திவிட்டேன். வெறும் பனித்தண்ணீர். ஒரு வாரம் எல்லோரும் சிரித்தார்கள். சரோஜா அக்காதான் என்னைக் குழாய்க்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

"விரல்ல தொட்டுப் பாருங்க தங்கச்சி. பனின்னா காஞ்சு போயிடும், ஒண்ணும் மிஞ்சாது. கூலன்டுன்னா சீனிப் பாணி மாதிரி பிசுபிசுன்னு ஒட்டும். மிசினு அடிக்கிறத விட்டுட்டு வெரல நம்புங்க."

எந்தக் கல்லூரியிலும் அவர் படிக்கவில்லை. இந்தக் கட்டடத்துக்குக் கூட்டித் துடைக்க வந்தவர். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு ஆபரேட்டர் ஆனவர். வத்தேகமைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், கணவர் இல்லை. சான்றிதழ் இல்லாத ஆபரேட்டரை வைத்திருப்பது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தாமதமாக வந்ததற்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். இன்னொன்று வந்தால் அனுப்பிவிடுவார்கள் என்றும் பேச்சு.

கண்டியில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவர். விடுமுறை நாளில் வீட்டுக்கு வந்தால் கயல் அவர் மடியை விட்டு இறங்க மாட்டாள். நான் முடித்துப் போவதற்கும் அவர் தொடங்குவதற்கும் இடையில் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் பிளேன்டீ குடிப்போம். நாள் முழுக்க நான் ஒரு பெரிய மனுஷியோடு தமிழில் பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

3

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு குழாய்க்குப் பத்து வீடு. கோத்தகிரியில் எங்கள் காலனியிலும் அப்படித்தான். நம் முறை முடிந்து போகும்போது அடுத்து வருகிறவளின் குடத்தைக் குழாயடியில் வைத்து நிரப்பிவிட்டுப் போக வேண்டும். காலிக் குடத்தை ஒருத்திக்கு விட்டுவிட்டு வந்தால் அம்மா திட்டுவார். சரோஜா அக்காவின் அம்மாவும் அப்படியே திட்டியிருக்கிறார். இதைக் கண்டுபிடித்த அன்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் புவனேந்திரன் சேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

கூலன்ட் தொட்டியின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது, மட்டம் பார்க்க. பராமரிப்பு வேலை முடிந்த சில நாட்களுக்குக் குழாய்களில் சிக்கிய காற்று வெளியேறுவதால் மட்டம் ஒரு நூல் இறங்கும். அரை லீட்டருக்குக் கீழே ஊற்றினால் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டியதில்லை என்பது அப்போதைய விதி. அதனால் வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு சின்னக் குவளை ஊற்றி, கோடு வரை நிரப்பி வைத்துவிட்டுப் போவேன். அடுத்து வருகிறவருக்கு மரியாதை. சரோஜா அக்காவும் அதையே செய்தார். அவரைப் பார்த்துச் சமிந்தவும் செய்தான். யார் எப்போது வந்து பார்த்தாலும் தொட்டி நிறைந்திருக்கும்.

போன மாதம், கூலன்ட் வைத்திருக்கும் கேனைத் தூக்கினேன். கை சட்டென்று மேலே வந்துவிட்டது. அவ்வளவு லேசாக இருந்தது.

பராமரிப்பு முடிந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. இன்னும் எந்தக் காற்று வெளியேறுகிறது?

4

புவனேந்திரன் சேரிடம் உடனே சொல்லவில்லை. போன தடவை எல்லோரும் சிரித்தது மறக்கவில்லை. வெள்ளை டிஷ்யூவைக் கீற்றாகக் கிழித்து, ஒவ்வொரு ரேக்குக்கும் பின்னால் குழாய் சேரும் மூட்டுகளில் சுற்றிக் கட்டினேன். பம்புசெட் கூடத்தில் கற்ற வேலை. மறுநாள் காலை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தேன். நான்காவது ரேக்கில், ரப்பர் நுரை உறைக்குள், டிஷ்யூ ரோஜா நிறமாக இருந்தது. விரலில் ஒட்டியது.

தரைக் கயிறு ஏன் அடிக்கவில்லை என்பதும் புரிந்தது. கசிந்ததை நுரை உறிஞ்சிக்கொள்கிறது. ரேக்கின் சூட்டில் அது காய்ந்துபோகிறது. கீழே ஒரு சொட்டும் விழவில்லை.

அன்றைக்குச் சொன்னேன். சேர் வந்து பார்த்தார். மூட்டின் கீழே ஒரு பையைக் கட்டி, ஒரு நாளுக்கு எவ்வளவு வருகிறதென்று அளந்தோம். ஒரு குவளை.

"தொட்டிக்குள்ள ஆராவது கூலன்ட் விட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"நான் விட்டேன் சேர். தினமும் ஒரு குவளை. போகும்போது நிரப்பி வச்சிட்டுப் போவேன். எழுதலை."

"பிள்ளை, மட்டம் குறையிறதப் பாக்கத்தானே அந்தக் கண்ணாடி. நீங்கள் நிரப்பிக்கொண்டிருந்தா அது என்னத்தைக் காட்டும்?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, விடுங்கோ. நாளுக்கு ஒரு குவளை கசியுது, ஒரு குவளை நீங்கள் விட்டிருக்கிறியள். சரியாத்தான் இருக்கு. இந்த மூட்டை மாத்தினாக் காணும்."

மூட்டை மாற்றினால் போதும் என்கிறார். நான் தலையாட்டினேன்.

சரியாக இல்லை என்று எனக்குத் தெரியும். நாங்கள் ஊற்றியது மூன்று குவளை. நான்காவது ரேக்கில் வந்தது ஒன்று. மிச்சம் இரண்டு வேறு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. தரைக்கடியில் முழுக்க மின்சாரக் கேபிள்கள்.

5

இரண்டு மணிக்குச் சரோஜா அக்கா வந்ததும் சொன்னேன். அவர் குடையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்களும் ஊத்துறதைச் சேர்கிட்ட சொல்லிடுங்க."

"நீங்க சொல்லிட்டீங்களா?"

"என்னுதை மட்டும் சொன்னேன்."

"என்னா தங்கச்சி பண்ணி வச்சிருக்கீங்க!" குடையைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை. "மூட்டதான் கண்டுபுடிச்சாச்சே. மாத்தப் போறாங்க. அதோட முடிஞ்சிருச்சில்ல?"

"முடியலக்கா. இன்னொரு எடத்துல போகுது."

"வேலைக்கு வந்த புதுசுல பனியப் பாத்துட்டு ரேக்க நிப்பாட்டினீங்களே, அந்த மாதிரி போகுதா?"

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கும் தெரிந்திருக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் ஊத்தினேன்னு சொன்னா எனக்கு ரெண்டாவது கடிதம். அத்தோட வீட்டுக்குப் போ. ஒங்களுக்கு ஏதாச்சும் ஆனா போறதுக்கு ஒரு ஊர் இருக்கு. எனக்கு இந்த வேல இல்லாட்டி திரும்பத் தேயிலைக் கொழுந்து கூடைதான். எம்புள்ளைங்களுக்கும் அதுதான்."

எந்த ஊர் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. என் நிலையும் அவர் நிலையும் ஒன்றில்லை என்பது எனக்கே தெரியும். அன்றைக்கு நாங்கள் பிளேன்டீ குடிக்கவில்லை.

6

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. கீழே மகாவலி ஆற்றில் செம்மண் தண்ணீர். நான் மனதுக்குள் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருந்தேன். இன்னொரு கசிவு இல்லாமலும் இருக்கலாம். அக்கா அரைக் குவளைதான் ஊற்றியிருப்பார். சமிந்த சில நாள் மறந்திருப்பான். எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

கயலை நான் வரும் வரை பக்கத்து வீட்டு நஸீரா தாத்தா பார்த்துக்கொள்கிறார். கண்டி முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்கிறார்கள். இதைக் கேட்டு என் அம்மா போனில் சிரித்து மாளவில்லை.

"புள்ளக்கி மேல் கொஞ்சம் சுடுற மாதிரி ஈக்கி. பயப்புட வேணாம். கஞ்சி குடிச்சா" என்றார் நஸீரா தாத்தா.

நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. என் கை குளிர்ந்திருந்ததாலோ என்று கன்னத்தை வைத்துப் பார்த்தேன். கயல் முழித்து, "மட்ட வத்துர ஓன" என்றாள். பாலர் பாடசாலையில் இருந்து கொண்டுவந்த சிங்களம். எனக்குத் தண்ணீர் வேணும் என்று அர்த்தம். உடம்பு முடியாதபோது அவளுக்கு முதலில் வருவது அந்த மொழி. தண்ணீர் கொடுத்தேன். தமிழில் கேள் என்று சொல்ல மனம் வரவில்லை.

மாலையில் கணவர் அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒன்னோடதச் சொல்லிட்டியில்ல? அதோட விடு. மத்தவங்க சோத்துல எதுக்குக் கை வைக்கிற?"

"தரைக்கடியில கரண்டு கேபிள் இருக்குங்க. சமிந்த ராத்திரி தனியா இருப்பான்."

"இஞ்சினியர் பாத்துக்குவாரு."

"அவருக்குத் தெரியாதே. தெரிஞ்சது எங்க மூணு பேருக்கும்தானே?"

"புள்ளைக்குக் காய்ச்சல் எப்புடி?" என்று கேட்டார்.

7

மறுநாள் கயலுக்குக் காய்ச்சல் குறைந்திருந்தது. அப்படியும் அவளை விட்டுவிட்டு வந்தது சரியா என்று கேட்டுக்கொண்டே வேலைக்குள் நுழைந்தேன். மூட்டை முதல் நாள் மாலையே மாற்றியிருந்தார்கள். நான் நேராகத் தொட்டிக்குப் போனேன்.

கோடு வரை நிறைந்திருந்தது. எப்போதும் போல.

மூட்டு சரியாகிவிட்டதால் நிறைந்திருக்கிறதா, மற்றவர்கள் ஊற்றியதால் நிறைந்திருக்கிறதா என்று அந்தக் கண்ணாடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கேனைத் தூக்கினேன். நேற்று நான் வைத்துவிட்டுப் போனதைவிட லேசாக இருந்தது. லேசாக இருப்பதாக நினைக்கிறேனோ என்று கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினேன். நான்கு தடவை தூக்கினேன்.

சேரின் அறைக் கதவு திறந்திருந்தது.

"சேர், ஒரு நாளைக்கு மூணு குவளை ஊத்தினோம்" என்றேன். "ஒண்ணு இல்லை."

"வேற ஆர் விட்டது?"

மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் மூன்று என்று சொன்ன பிறகு பெயர் எதற்கு? பெயரைச் சொல்லவில்லை என்று பிற்பாடு என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அது ஏமாற்று. சொன்னேன் என்றுதான் இங்கே எழுத வேண்டும்.

அவர் எழுந்து வந்து, யாரும் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது என்று தொட்டி மூடியைக் கட்டி முத்திரை வைத்தார். கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டோம். நண்பகலுக்குள் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. தரைப் பலகைகளைத் தூக்கினார்கள். பெரிய குழாய் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குச் சுவர்த் துளை வழியாகப் போகிறது. அந்தத் துளைக்குள் ஒரு மூட்டு. எங்கள் சென்சர் கயிறு அந்தத் துளைக்குள் போவதில்லை. மூட்டுக்குக் கீழே மின்கேபிள்களின் கறுத்த உறை நனைந்து, ரோஜா நிறத்தில் பிசுபிசுத்துக் கிடந்தது. ஒரு கேபிளில் பழைய ஒட்டுப்போட்ட இடம். அதற்கு நான்கு விரற்கடை தள்ளித்தான் ஈரம் நின்றிருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த புவனேந்திரன் சேர் முடிக்கவில்லை. எட்டு ரேக்கையும் நிறுத்தச் சொன்னார். மூன்று வருடத்தில் அந்தக் கூடத்தை நான் சத்தமில்லாமல் கேட்டது அன்றுதான்.

சமிந்தவை வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். "மமத் தம்மா" என்று சிரித்தான். நானும் ஊற்றினேன் என்று அர்த்தம். அவனுக்குச் சான்றிதழ் இருக்கிறது, சிரிக்கலாம்.

சரோஜா அக்கா இரண்டு மணிக்கு வந்தார். சேர் கேட்பதற்கு முன்பே, "ஆமா சேர், நானும் ஊத்தினேன். ஆறு வாரமா, ஒவ்வொரு நாளும்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்ட வேண்டியதற்கு மேல் நேரம் எடுத்து மாட்டிக்கொண்டு, நின்றேன். பிறகு கிளம்பினேன்.

8

அக்காவை அனுப்பவில்லை. இரண்டாவது கடிதம் கொடுத்தார்கள். அவர் தானாகவே ஒப்புக்கொண்டதையும், பனியையும் கசிவையும் விரலால் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று நான் சொன்னதையும் சேர்த்து சேர் மேலே எழுதியதாகக் கேள்வி. எனக்கும் சமிந்தவுக்கும் வாய்மொழியாக ஒரு எச்சரிக்கை. இது நியாயமில்லை என்று சேரிடம் போய்ச் சொன்னேன். "ஓம், நியாயமில்லைதான்" என்றார். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

விதிகள் மாறின. ஒரு சொட்டு ஊற்றினாலும் எழுத வேண்டும். ஒருவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே அடுத்து வருகிறவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பணிக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை மணி நேரம் சேர் தானே சோதிக்கிறார், ஆகவே நானும் அக்காவும் சந்திப்பதில்லை. நான் வாசலில் பஸ் ஏறிய பிறகுதான் அக்காவின் பஸ் வரும். ஒரு நாள் எதிர்ப்பக்கப் பஸ்ஸின் ஜன்னலில் அந்தக் குடையைப் பார்த்தேன். அவருடையதுதானா என்று தெரியவில்லை.

நான் செய்தது சரிதானா என்று இதைப் படிக்கும் உங்களிடம் கேட்க வரவில்லை. கேபிளைக் கண்ணால் பார்த்தேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் நாளே, அக்காவோடு உட்கார்ந்து, இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்வோம் வாங்க என்று கேட்டிருக்கலாம். நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றல்லவா சொன்னேன்.

போன வாரம் பதிவுப் புத்தகத்தில் வழக்கம்போல எழுதினேன். மட்டம் கோட்டில். ஊற்றவில்லை. மூட்டுகள் உலர்ந்துள்ளன. சுவர்த் துளை உலர்ந்துள்ளது. அதற்குக் கீழே, இயந்திரத்தைப் பற்றி மட்டுமே எழுத வேண்டிய அந்தப் பக்கத்தில், இன்னொரு வரி எழுதினேன். "கயல் உங்களைக் கேட்கிறாள்." அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அடித்தல் திருத்தல் கூடாது என்பதும் விதி. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் புத்தகத்தைத் திறந்தேன். ஐந்து வரி, ஐந்து கையெழுத்து. கடைசி வரிக்கு எதிரேயும், மற்றவற்றுக்குப் போட்ட அதே அளவில், அதே நீல மையில், சரோஜா என்று போட்டிருந்தார்.